பத்தொன்பது இசைத்தட்டுகளும் ஒரு பெயரும்



இசையைப் பற்றி உரை நிகழ்த்துவோர் பெரும்பாலும் பாடினவரைப் பற்றியும் வாசித்தவரைப் பற்றியுமே பேசுவர். கேட்டவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். இன்று அடியேன் கேட்டவர்களையே முன்னிறுத்திப் பேச விரும்புகிறேன். எடுத்துக்கொண்ட குழு, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே 1968ஆம் ஆண்டில் உருவான பிளாக் சபத் என்பது. ஹார்ட் றொக் என்று மேனாட்டார் வழங்கும் வன்மையான இசையில் முன்னணியில் நின்று, ஹெவி மெற்றல் என்னும் புதுக் கிளைக்கு வேராகவும் அமைந்த குழு இது.

1970 முதல் 2013 வரை இக்குழுவின் பெயரால் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகி வெளிவந்த இசைத்தட்டுகள் 19. அவற்றிலே முதன்மைக் குரல் கொடுத்த பாடகர் ஐவர். எல்லாவற்றிலும் தொடர்ந்து இருந்தவர் கிற்றார் வாசித்த டொனி அயோமி ஒருவரே. ஆகவே, இந்தப் பத்தொன்பதில் உண்மையான பிளாக் சபத் எது, பெயரை மட்டும் சுமந்து வந்தது எது என்பது இரசிகரிடையே ஒரு தீராத வழக்காயிற்று. சொத்து வழக்கைப் போலவே இதிலும் சாட்சிகள் உண்டு, உறுதிகள் உண்டு, கோபதாபங்களும் உண்டு.

வழக்கினுள் நுழையுமுன் அந்த ஒலியின் இயல்பைச் சற்றே விளங்கிக்கொள்வது நன்று. அயோமி பதினேழு வயதில் ஓர் உலோகத் தொழிற்சாலையிலே பணி செய்தவர். வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று தகடு வெட்டும் இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கையால் மீட்டுபவர். ஆதலால் தந்திகளை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கையே. இனி வாசிப்பதில்லை என்று மனமுடைந்திருந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். தீ விபத்தினால் இரு விரல்கள் செயலிழந்த பின்னரும் கிற்றார் மேதையாய் விளங்கியவர் ரைன்ஹார்ட். அயோமி ஒரு பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசிக்கலானார். 1971இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டான மாஸ்ரர் ஒவ் றியாலிற்றியில், பல பாடல்களுக்குத் தந்திகளைத் தளர்த்தி மூன்று அரைச்சுரம் தாழ்த்திக்கொண்டார். விரல் வலிக்காகச் செய்த உபாயம் கேட்பவர் நெஞ்சிலே கனத்த ஒலியாய் விழுந்தது. இன்று அத்துறையில் எண்ணற்ற குழுக்கள் தந்தியைத் தாழ்த்துவதற்கு முன்னோடி அதுவே.

இன்னொன்று. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதற்பாட்டு மூன்று சுரங்களால் எழுகிறது. ஆதார சட்ஜம், அதன் மேற்சட்ஜம், பின்னர் பிரதி மத்திமம். கல்யாணியிலே நம் செவிக்கு அமுதமாய்ப் பழகிய அதே பிரதி மத்திமம், அங்கே துணைச்சுரம் ஏதுமின்றித் தனித்து நிற்கையில் மயிர்க்கூச்செறியச் செய்கிறது. சுரம் ஒன்றுதான், அதைச் சூழவைக்கும் முறையே வேறு.

இனி வழக்கின் தொடக்கத்துக்கு வருவோம். முதல் இசைத்தட்டு ஒரே நாளில் ஒலிப்பதிவாகி, 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று வெளியாயிற்று. விமர்சகர்கள் அதனைக் கைவிரலால் தொட்டுத் தள்ளினர். அமெரிக்காவின் றோலிங் ஸ்ரோன் இதழிலே லெஸ்ரர் பாங்ஸ் என்னும் பேர்பெற்ற விமர்சகர், கிறீம் என்ற முந்தைய குழுவின் தரங்குறைந்த நகல் என்ற பொருள்பட எழுதினார். ஆயின் இசைத்தட்டோ இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் வந்த பரனோயிட் முதலிடத்துக்கே ஏறிற்று. வாங்கியவர் யார்? தொழிற்சாலைகளிலே வேலை செய்த இளைஞரும், அவர்தம் தம்பியரும், பள்ளிச் சிறுவரும். ‘பத்திரிகை எமக்குச் சொல்லித் தரவில்லை, நாமே கண்டெடுத்தோம்’ என்னும் ஒரு பெருமிதம் அவர்களிடம் அன்று வேரூன்றிற்று. பின்னாளில் இக்குழுவின் இரசிகர் எந்த இசைத்தட்டையும் பிறர் தீர்ப்புக்கு விட்டுவிடாது தாமே அமர்ந்து விசாரிக்கும் வழக்கத்துக்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

1970 முதல் 1975 வரை வந்த ஆறு இசைத்தட்டுகளைப் பற்றிப் பெரிய பிணக்கு இல்லை. பாடகர் ஒஸி ஒஸ்போர்ண், பேஸ் கிற்றார் வாசித்துப் பாடல்களையும் பெரும்பாலும் எழுதிய கீசர் பட்லர், முரசு கொட்டிய பில் வோர்ட், அயோமி ஆகிய நால்வரின் பொற்காலம் அது. அதற்குள்ளே சிறுசிறு பூசல்கள் மாத்திரம் உண்டு. 1972இன் நான்காம் இசைத்தட்டிலே பியானோவுடன் மெல்ல ஒலிக்கும் சேஞ்சஸ் என்னும் சோகப் பாட்டு வேண்டுமா, வேண்டாவா என்பது ஒன்று. 1973இன் சபத் பிளடி சபத் இசைத்தட்டிலே நரம்பிசைக் கூட்டமும், யெஸ் குழுவின் றிக் வேக்மன் வாசித்த விசைப்பலகையும் கலந்தது வளர்ச்சியா, வழிதவறலா என்பது மற்றொன்று. வளர்ச்சியே என்பது என் எண்ணம். 1976இன் டெக்னிக்கல் எக்ஸ்ரசியையும் 1978இன் நெவர் சே டையையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. களைத்த மனிதர்கள் செய்த வேலை என்பதைக் காது கண்டுகொள்ளும். ஆயினும் அவற்றையே தலைமேல் வைத்துக் கொண்டாடும் சிலர் எங்கும் இருக்கிறார்கள்.

பெரும் பிளவு 1979இல் நேர்ந்தது. ஒஸ்போர்ண் குழுவினின்று நீக்கப்பட்டார். அமெரிக்கரான றொனி ஜேம்ஸ் டியோ அவ்விடத்துக்கு வந்தார். 1980இல் ஹெவன் அன்ட் ஹெல், அதாவது சுவர்க்கமும் நரகமும், வெளிவந்தது. அன்றுதொட்டு இரசிகர் இரு கட்சியாயினர்.

இரு கட்சியார் வாதங்களும் வெறும் பற்றுப் பேச்சுகள் அல்ல. இசை நுட்பத்தைத் தொட்டுப் பேசுபவை. ஒஸ்போர்ணின் குரல் பெரும்பாலும் கிற்றார் செல்லும் தடத்திலேயே செல்லும். அயர்ன் மான் என்னும் பாட்டிலே கிற்றாரும் குரலும் ஒரே சுரவரிசையில் ஒன்றன்மேலொன்றாய் நடப்பதைக் கேட்கலாம். பயிற்சி பெற்ற பாடகர் செய்யும் காரியமன்று அது. தெருவிலே நடக்கும் ஒருவன் தன்னையறியாது வாய்விட்டுப் பாடுவது போன்றது. அந்த எளிமையே அச்சத்தை உண்மையாக்கியது என்பர் முதற்கட்சியார். பாடற்பொருளும் அவ்வாறே. பட்லர் எழுதியவை போரைப் பற்றியும், மனநோயைப் பற்றியும், போதையின் கேட்டைப் பற்றியும் பேசின. டியோ வந்தபின் பாடல்களை அவரே எழுதினார். மன்னரும் மாயாவிகளும் ஒளியும் இருளும் அங்கே வந்து புகுந்தன. ‘எங்கள் தெருவைப் பாடிய குழு இப்போது பழங்கதைகளைப் பாடுகிறது’ என்ற மனக்குறை அவர்களுக்கு.

மறுகட்சியார் விடை இது. டியோவின் குரல் கிற்றாரின் தடத்தில் ஒட்டிச் செல்லாது, அதன்மேல் தனக்கென ஒரு வழி அமைத்துக்கொண்டது. அதனாலே கிற்றாருக்கும் விடுதலை கிடைத்தது. குரலுக்கு இடம்விட்டு, பின்னணியை விரித்து, அயோமி அதுவரை அமைத்திராத அமைப்புகளை அமைக்க முடிந்தது. தளர்ந்துபோன ஒரு குழு அந்த ஆண்டிலே மறுபிறப்பு எடுத்தது என்பதை எவர் மறுக்க வல்லார்? இவ்வாதத்திலே வலிமை மிகுதி என்பதே என் துணிபு. ஹெவன் அன்ட் ஹெல் தலைப்புப் பாட்டின் நடுவே பேஸ் கிற்றார் ஒற்றை நடையில் நின்று துடிக்க, மேலே குரல் ஏறியிறங்கும் பகுதியைக் கேட்டவர், இது வேறொரு குழு என்று சொல்லத் தயங்குவர்.

டியோவும் 1982இல் விலகினார். அடுத்த ஆண்டு டீப் பேர்பிள் குழுவில் புகழ்பெற்ற இயன் கிலன் வந்து பாட, போண் எகெயின் உருவாயிற்று. இதைப் பற்றி இரசிகர் பேசத் தொடங்கினால் சிரிப்பும் சினமும் கலந்தே வரும். அட்டையிலே கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட செந்நிறக் குழந்தை ஒன்றின் படம். பாடகருக்கே அது பிடிக்கவில்லை. மேடைக்கென்று செய்த கல்தூண் மண்டபம் மிகப் பெரிதாகிப் பல அரங்குகளில் வைக்க இடம் போதவில்லை. ஒலியோ கம்பளத்துக்குள்ளிருந்து வருவது போல மங்கலாய் இருந்தது. இங்கிலாந்துப் பட்டியலிலே நான்காம் இடம் பெற்றும், நகைப்புக்குரியதென்றே அது நெடுநாள் ஒதுக்கப்பட்டது. ஆயினும் சில இரசிகர் அந்த மங்கலுக்குப் பின்னே நல்ல பாட்டுகள் இருப்பதைக் கண்டனர். இறுதிக் கலவைக்கு முந்திய ஒலிப்பதிவு ஒன்று எவ்வாறோ வெளியேறி, ஒலிநாடாக்களில் கைமாறிக் கைமாறிச் சென்றது. கம்பெனி வெளியிட்டதைவிட அதுவே தெளிவாயிருந்தது என்று சாதித்தனர். இவ்வாறு இரசிகர் தீர்ப்புச் சொல்வதோடு நில்லாது சான்று தேடவும் புறப்பட்டனர்.

வழக்கு உச்சத்தை அடைந்தது 1986இல். செவன்த் ஸ்ரார் என்னும் இசைத்தட்டை அயோமி தம் சொந்தப் பெயரில் வெளியிடவே கருதியிருந்தார். பாடியவர் கிளென் ஹியூஸ். பட்லரும் இல்லை, வோர்ட்டும் இல்லை. இசைத்தட்டுக் கம்பெனியின் வற்புறுத்தலால் ‘டொனி அயோமி பங்குபெறும் பிளாக் சபத்’ என்ற விசித்திரமான பெயரோடு அது கடைக்கு வந்தது. நம் கோயில் தேரிலே ஒருமுறை சில்லை மாற்றுவோம், ஒருமுறை சட்டத்தை மாற்றுவோம். பலகைகள் பலமுறை மாறினாலும் ஊரார் அதை அதே தேர் என்றே இழுக்கின்றனர். எதை மாற்றினால் அது வேறு தேராகும்? செவன்த் ஸ்ரார் இரசிகர்முன் வைத்த கேள்வி ஏறக்குறைய இதுதான். கிற்றாரே அச்சு என்றவர் அதை ஏற்றனர். நால்வரும் சேர்ந்ததே தேர் என்றவர் அதை இன்றுவரை ஏற்கவில்லை.

இதற்குப் பின் வந்த காலமே என்னை இவ்வுரைக்குத் தூண்டியது. 1987இல் இற்றேர்னல் ஐடல் என்னும் இசைத்தட்டுக்கு றே கிலன் என்பவர் பாடி முடித்தபின் விலகிவிட, அதே பாட்டுகளை முழுவதும் மீளப் பாடிக் கொடுத்தார் டொனி மார்ட்டின் என்னும் பாடகர். இவரும் பேர்மிங்ஹாம் நகரத்தவரே. தொடர்ந்து 1989இல் ஹெட்லெஸ் குறொஸ், 1990இல் வடபுலத்துத் தெய்வக் கதைகளைத் தழுவிய டீர். 1992இல் டியோ மீண்டும் வர, டீஹியுமனைசர் என்ற இசைத்தட்டு உருவாகி, மார்ட்டின் வெளியேற்றப்பட்டார். அந்த உறவும் ஆண்டு முடியுமுன் முறிந்தது. மார்ட்டினை மறுபடி அழைத்தனர். 1994இல் கிறொஸ் பேர்ப்பசஸ், 1995இல் போர்பிடன். 1997இல் பழைய பாடகர் ஒஸ்போர்ண் திரும்பியபோது மார்ட்டின் இரண்டாம் முறையாக வெளியே நின்றார். குழுவின் பெயரால் ஐந்து இசைத்தட்டுகளில் பாடியவர். தொகையிலே ஒஸ்போர்ணுக்கு அடுத்தவர் இவர்தாம், டியோவுக்குக்கூட மூன்றுதான். அப்படியிருந்தும் குழுவின் வரலாற்றை எழுதியோர் பலர் அந்தப் பத்தாண்டை ஒரே பந்தியில் கடந்து சென்றனர்.

எழுதியோரை விடுங்கள், இசைத்தட்டுகளே கடையில் இல்லாமற்போயின. ஹெட்லெஸ் குறொஸ் முதல் போர்பிடன் வரை மார்ட்டின் பாடிய நான்கும் ஆண்டுக்கணக்காக மறுபதிப்பின்றிக் கிடந்தன. பழைய இறுவட்டு ஒன்று கிடைத்தாலும் விலை ஏறியிருந்தது. அச்சூழலிலே அவற்றைக் காத்தவர் யார்? விற்பனைப் பட்டியலா, விமர்சகரா? இல்லை. கைவசம் ஒரு பிரதி வைத்திருந்த இரசிகர்கள்தாம். நண்பனுக்குக் கொடுத்துக் கேட்கச் செய்தும், புதிதாய் வந்த இளையோருக்கு ஹெட்லெஸ் குறொஸ் என்று ஒன்று உண்டு என்று சொல்லிச் சொல்லியும், அவர்கள் அந்தக் காலத்தை அணையாது வைத்திருந்தனர். 2024 மே மாதத்தில் அந்த நான்கும் அனோ டொமினி என்ற தலைப்பிலே ஒரு பேழையாக மீண்டும் வெளிவந்தன. அவற்றுள் போர்பிடன் மட்டும் அயோமியின் கையால் புதிதாய் ஒலிக்கலவை செய்யப்பட்டிருந்தது. வெளியான நாள்தொட்டு, பத்தொன்பதிலும் கடைசி இதுவே என்று பெரும்பாலான இரசிகர் ஒருமுகமாய்த் தள்ளிய இசைத்தட்டு அது. அதை ஆக்கியவரே முப்பதாண்டு கழித்து எடுத்துத் திருத்தினார் என்றால், அத்தீர்ப்பு அவர் காதிலும் விழுந்திருந்தது என்றுதானே கொள்ள வேண்டும்?

இங்கே இரசிகர் பக்கத்துக் குறை ஒன்றையும் மறைத்தலாகாது. கிடையாத பண்டத்துக்கு உருசி அதிகம். டீர் இசைத்தட்டைக் காவியம் என்று புகழ்ந்தவரிற் சிலர் புகழ்ந்தது பாட்டையா, தம்மிடம் மட்டும் அது இருந்த பெருமையையா என்று ஐயுற இடமுண்டு. இப்போது எவரும் வாங்கிக் கேட்கலாம். கேட்டவரையில், ஹெட்லெஸ் குறொஸ் அப்புகழுக்கு உரியதே. கோசி பவலின் முரசு மலைச்சரிவிலே பாறை உருள்வது போல் உருள, மார்ட்டினின் குரல் அதற்குமேல் தளராது நிற்கிறது. டீர் பாதி அளவுக்கு உரியது. போர்பிடன் திருத்தியபின் மரியாதையாய் ஒலிக்கிறது, அவ்வளவே. கலவையை மாற்றலாம், பாட்டை மாற்ற முடியாதன்றோ?

பெயர் பற்றிய வழக்கில் மிகவும் வேடிக்கையான பகுதி இனித்தான். 2006இல் அயோமி, பட்லர், டியோ, முரசு வாசிக்கும் வினி அப்பிசே ஆகிய நால்வரும் மீண்டும் ஒன்றுகூடினர். 1981இன் மொப் றூல்ஸையும் 1992இன் டீஹியுமனைசரையும் ஆக்கிய அதே நால்வர். ஆனால் இம்முறை அவர்கள் பிளாக் சபத் என்ற பெயரைச் சூடாது, ஹெவன் அன்ட் ஹெல் என்று தம்மை அழைத்துக்கொண்டனர். 2009இல் டெவில் யூ நோ என்னும் இசைத்தட்டையும் அப்பெயரிலேயே வெளியிட்டனர். கணக்கிலே அது பத்தொன்பதில் சேராது. அயோமி ஒருவரே நின்ற செவன்த் ஸ்ராருக்குப் பெயர் உண்டு, மூலவர் இருவரும் டியோவும் நின்ற இதற்குப் பெயர் இல்லை! இரசிகர் பலர் இதை இருபதாவது என்று எண்ணித் தம் அலுமாரியிலே மற்றவற்றோடு சேர்த்தே அடுக்கிவைத்தனர். அதே 2009இல் பெயர் உரிமை குறித்து ஒஸ்போர்ண் அயோமிமீது நியூயோர்க்கிலே வழக்குத் தொடுத்ததும், 2010இல் அது சமரசமாய் முடிந்ததும் நேயர் சிலர் அறிந்ததே. நீதிமன்றத்துக்கு அது வணிகப் பெயர். இரசிகருக்கு அது தம் இளமையின் பெயர். டியோ 2010 மே 16 அன்று காலமானார்.

2013இல் 13 என்ற இலக்கத்தையே தலைப்பாகக் கொண்டு கடைசி இசைத்தட்டு வந்தது. ஒஸ்போர்ண், அயோமி, பட்லர் மூவரும் உண்டு, வோர்ட் இல்லை. தமக்குத் தரப்பட்ட ஒப்பந்தம் கையொப்பமிடத் தக்கதன்று என்று அவர் முன்னரே வெளிப்படையாய் அறிவித்திருந்தார். அவ்விடத்தில் முரசு வாசித்தவர் பிராட் வில்க். இங்கிலாந்திலே 1970க்குப் பின் முதன்முறையாக முதலிடம், அமெரிக்காவிலோ வரலாற்றிலேயே முதன்முறையாக முதலிடம். ஆனால் இரசிகர் கூட்டத்திலே மகிழ்ச்சி முழுமையாயில்லை. வோர்ட்டின் முரசு நேர்த்தியான முரசன்று. சற்றே பின்தங்கி ஆடும் நடை கொண்டது, ஜாஸ் இசையின் சாயல் உடையது. அந்த ஆட்டம் இல்லாத இடத்திலே, எல்லாம் சரியாய் இருந்தும் ஏதோ ஒன்று குறைந்தது என்றனர் முதியோர். தயாரிப்பாளர் றிக் றூபின் முதல் இசைத்தட்டின் சாயலை வருவிக்க முயன்றமையால், குழு தன்னைத் தானே பார்த்து எழுதிற்று என்பது இன்னொரு குறை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனினும், அறுபதைக் கடந்து நின்ற அம்மூவர், அதிலும் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுக்கொண்டே வாசித்த அயோமி, இத்தனை பாரமான ஒரு வேலையைச் செய்தனரே என்று எண்ணும்போது குறையின் கூர் மழுங்கிவிடுகிறது.

2025 ஜூலை 5 அன்று பேர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்திலே மூலவர் நால்வரும் இறுதியாக ஒருங்கே மேடையேறினர். நோய்வாய்ப்பட்ட ஒஸ்போர்ண் சிம்மாசனம் போன்றதோர் ஆசனத்தில் அமர்ந்தே பாடினார். பில் வோர்ட் தம் முரசின் பின்னே இருந்தார். நால்வரும் வாசித்த பாட்டுகள் நான்கு: வார் பிக்ஸ், என்.ஐ.பி., அயர்ன் மான், பரனோயிட். நான்கும் 1970 என்னும் ஒரே ஆண்டில் வந்த முதல் இரண்டு இசைத்தட்டுகளைச் சேர்ந்தவை. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22இல் ஒஸ்போர்ண் மறைந்தார்.

அந்த நான்கு பாட்டுகளே வழக்கைத் தீர்த்துவிட்டன என்கிறார்கள் முதற்கட்சியார். நால்வர் கூடிய நாளிலே நால்வரின் பாட்டைத்தானே வாசிப்பார்கள், மற்றைய பாடகர்களுக்கு அது எப்படி எதிர்ச்சாட்சியாகும் என்று திருப்பிக் கேட்கிறார்கள் அனோ டொமினிப் பேழையை வாங்கியவர்கள்.